கல்யாண போட்டோவ பெயிண்டிங் ஆக்குங்க, ஆனா முகத்த மாத்தாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாண போட்டோவ கம்ப்யூட்டர்ல பெயிண்டிங்கா மாத்துறத பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்ல விஷயத்த எடுத்து எழுதியிருக்கீங்க, சந்தோஷம். ஆனா ஒரு பட்டன அமுக்குனா போதும் போட்டோ ஓவியமாயிடும்ங்கிற மாதிரி அதுல சொல்லியிருந்தீங்க. நான் இந்த வேலைய பண்றவங்கிறதால அத படிச்சிட்டு சும்மா இருக்க முடியல, அதான் எழுதுறேன்.

பட்டன அமுக்குனா வர்றது ஃபில்டர்ங்க. ஃபோட்டோஷாப்ல ஆயில் பெயின்ட்னே ஒரு ஃபில்டர் இருக்கு, 2012ல வந்த சிஎஸ்6 வெர்ஷன்லயே இருந்துச்சு. எது கண்ணு எது சுவருன்னு அதுக்கு தெரியாது, ரெண்டு மேலயும் ஒரே மாதிரி தீத்திட்டு போயிடும். கையால வரையிறவங்க அப்படி பண்ண மாட்டாங்க. ஒரிஜினல் போட்டோவ அடியில ஒரு லேயரா, அதாவது கண்ணாடித் தாள் மாதிரி ஒரு அடுக்கா பூட்டி வச்சிட்டு, மேல வெறும் லேயர் போட்டு, ஸ்டைலஸ் பேனாவால கொஞ்சம் கொஞ்சமா வரைஞ்சிட்டு வருவாங்க. வரையிறதுக்குன்னே இருக்குற நல்ல டேப்லெட்னா பேனாவ எவ்வளவு அழுத்துறோம்ங்கிறத 8192 அளவா பிரிச்சு உணரும், லேசா தொட்டா மெல்லிசா விழும், அழுத்துனா தடிமனா விழும். 2010ல ஃபோட்டோஷாப் சிஎஸ்5ல வந்த மிக்சர் பிரஷ் கீழ இருக்குற கலர எடுத்து ஈர பெயின்ட் மாதிரியே குழைச்சு குடுக்கும். ஆனா எங்க குழைக்கணும் எங்க நிறுத்தணும்ங்கிறத கைதான் முடிவு பண்ணணும். கண்ணு, உதட்டோட ஓரம், இதுக்கெல்லாம் சின்ன பிரஷ், ரொம்ப பொறுமை. துணி மடிப்புல கொஞ்சம் தாராளமா போகலாம், பின்னாடி நிக்கிற கூட்டமெல்லாம் வெறும் கலரா கரைஞ்சு போனாலும் ஒண்ணும் குறையாது, சொல்லப்போனா அப்படி கரைஞ்சாதான் முன்னாடி இருக்குற ரெண்டு பேர் மேல பார்வை நிக்கும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது முகத்த பத்தி. ஒரு ஆள அடையாளம் காட்டுறது ரொம்ப சின்ன சின்ன விஷயம்தான், மேல் இமை கொஞ்சம் இறங்கியிருக்கும், சிரிக்கும்போது ஒரு பக்கம் உதடு கூடுதலா ஏறும், ஒரு புருவம் மத்ததவிட தூக்கலா இருக்கும். அத ஒரு நூல் அளவு நகத்துனா போதும், அழகாத்தான் இருக்கும், ஆனா அது வேற ஆளு. 2015ல ஒரு ஓவியத்தோட ஸ்டைல எடுத்து போட்டோ மேல ஏத்துற டெக்னிக் வந்துச்சு, அது வரைக்கும் கூட பரவால்ல, போட்டோவுல இருந்த அமைப்பு ஓரளவுக்கு அப்படியே நிக்கும். இப்ப வர்ற ஏஐ பல நேரம் முகத்தையே புதுசா வரைஞ்சிடுது. மச்சம் காணாம போயிடும், கோணல் பல்லு வரிசையா ஆயிடும், தாடை கூர்மையாயிடும், நகையோட டிசைன் மாறிடும், கோத்திருந்த கையில விரல் எது யாரோடதுன்னே தெரியாது. இந்த மாதிரி ஏஐல வந்தத கையால வரைஞ்சதுன்னு சொல்லி விக்கிறதுதான் எனக்கு தாங்கல. ஃபில்டர்னா ஃபில்டர்னு சொல்லி விக்கட்டும், ஏஐன்னா ஏஐன்னு சொல்லட்டும், அது போதும்னு வாங்குறவங்க தாராளமா வாங்கட்டும்.

போட்டோ மேல கலர் போடுறது ஒண்ணும் இன்னிக்கு நேத்து வந்ததில்லங்க. 1839ல டாகுரோடைப்னு வெள்ளி பூசுன தகட்டுல போட்டோ எடுக்குற முறை வந்துச்சு, கொஞ்ச வருஷத்துலயே அந்த தகடு மேல மெல்லிசான பிரஷ்ஷால கலர் பொடி வச்சு கன்னத்துக்கு சிவப்பு ஏத்துனாங்க. அப்பவும் மேலதான் கலர் போட்டாங்க, அடியில இருந்த முகம் அவங்களோடதுதான்.

இன்னொண்ணு, நிறம். பெயிண்டிங்னு சொன்னதும் ஏன் எல்லாரையும் ரெண்டு ஷேடு வெளுப்பாக்குறாங்கன்னு எனக்கு புரியவே இல்ல. கேட்டா கஸ்டமர் அததான் விரும்புறாங்கன்னு பதில் வருது. விரும்புறாங்களான்னு யாரு கேட்டா? பாதி பேர் கேக்காமலேயே பண்ணிடுறாங்க. கறுப்பான தோல்ல வெளிச்சம் விழுற அழகு வரையிறவங்களுக்கு ஒரு வரம்ங்க. நெத்தியிலயும் மூக்கு நுனியிலயும் விழுற வெளிச்சத்துக்கு வெறும் வெள்ளைய கலந்தா சாம்பல் பூசுன மாதிரி ஆயிடும், அங்க சுத்தி இருக்குற வெளிச்சத்தோட கலர எடுக்கணும், வானத்து வெளிச்சம்னா லேசா நீலம், மஞ்ச லைட்டுனா தேன் கலர். நிழலுக்கு கறுப்ப கலக்காம சிவப்பு சேந்த பழுப்பு போட்டா முகம் உயிரோட நிக்கும். இது தெரியாதவங்கதான் வெளுப்பாக்கி தப்பிச்சுக்கிறாங்கன்னு நான் நினைக்கிறேன்.

அப்புறம் இறந்து போனவங்கள சேத்து வரைய சொல்லி வர்றவங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே அப்பா போயிட்டாரு, பழைய கறுப்பு வெள்ளை போட்டோ ஒண்ணுதான் இருக்கு, அவரையும் பக்கத்துல நிக்க வச்சு குடுங்கன்னு கேப்பாங்க. இதுக்கு பெயிண்டிங்தான் சரியான இடம்னு நான் நம்புறேன், போட்டோவுல ஒட்டுனா ஒட்டுனதாவே தெரியும், பெயிண்டிங்ல எல்லாரையும் ஒரே கை வரையிறதால ஒண்ணா சேந்துடுவாங்க. ஆனா வேலை ஜாஸ்தி. கல்யாண போட்டோவுல வெளிச்சம் இடது பக்கத்துலேருந்து வருது, பழைய போட்டோவுல வலது பக்கத்துலேருந்து வருதுன்னா அவர் முகத்து நிழல் மொத்தத்தையும் திருப்பி யோசிச்சு போடணும். முகத்த அப்படியே கண்ணாடி பிம்பமா திருப்பிடலாம்னு சிலர் பண்ணுவாங்க, வகிடு மாறிடும், மச்சம் எதிர் கன்னத்துக்கு போயிடும், பெத்தவங்கள பாத்து வளந்த புள்ளைங்களுக்கு அது உடனே உறுத்தும். அவரோட நிறம் எப்படி இருக்கும்னு வீட்ல இருக்குறவங்கள கேட்டு, கூடப் பொறந்தவங்களோட கலர் போட்டோவ பாத்து வரையணும். சண்டை வந்துருச்சு, இவரை படத்துலேருந்து எடுத்துடுங்கன்னும் கேக்குறாங்க, அது அவங்க இஷ்டம். எப்படி இருந்தாலும் ஒரிஜினல் போட்டோவ அழிக்காம தனியா வச்சுக்குங்கன்னு கெஞ்சி கேட்டுக்கிறேன்.

வரைய குடுக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புன போட்டோவ குடுக்காதீங்க, அது சுருக்கிதான் அனுப்பும், போட்டோகிராஃபர்கிட்ட ஒரிஜினல் ஃபைல் கேளுங்க, ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு பண்ணத மாத்தாம வச்சிருக்குற ஃபைல் குடுத்தா இன்னும் நல்லது. வழக்கமா போட்டோ வர்ற ஜேபெக் ஃபைல்ல ஒரு கலருக்கு வெளிச்சத்துல 256 படிதான், 14 பிட் ரா ஃபைல்ல 16384 படி இருக்கு, வெள்ளை துணியில வெளிச்சம் அடிச்சு மடிப்பே தெரியாம போன இடத்துல அது நிறைய காப்பாத்தும். அப்படியே அவர்கிட்ட அனுமதியும் கேட்டுடுங்க, போட்டோ மேல யாருக்கு உரிமைங்கிற சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நேர் ஃபிளாஷ் அடிச்ச படத்தவிட ஜன்னல் பக்கத்துலேருந்து வெளிச்சம் வர்ற படத்த எடுங்க, போஸ் சுமாரா இருந்தாலும் பரவால்ல. 20க்கு 30 இன்ச் கான்வாஸ்னா 300 டிபிஐக்கு, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளிக்கு, 6000க்கு 9000 பிக்சல் வேணும், தள்ளி நின்னு பாக்குற படத்துக்கு 150 கூட தாங்கும். கான்வாஸ சட்டத்துல மடிச்சு அடிப்பாங்க, அதனால நாலு பக்கமும் இடம் விட்டு வரைய சொல்லுங்க, இல்லனா ஓரத்துல நிக்கிறவங்க தோள் பக்கவாட்டுல போயிடும். ஸ்கிரீன்ல பாத்தத விட பிரின்ட் கொஞ்சம் இருட்டாத்தான் வரும், சின்னதா ஒரு டெஸ்ட் பிரின்ட் போட்டு பாத்துட்டு பெருசு போடுங்க, கரையிற சாயத்துல செஞ்ச டை இங்க்கவிட நுண்ணிய கலர் பொடி கலந்த பிக்மென்ட் இங்க் பொதுவா வெளுக்காம ரொம்ப நாள் நிக்கும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள்ங்க. அடுத்த தடவ இந்த மாதிரி படம் போடும்போது பக்கத்துலயே ஒரிஜினல் போட்டோவையும், அவங்க சம்மதத்தோட, சின்னதா போடுங்க. கீழ ஒரு வரியில ஃபில்டரா, ஏஐயா, கையால வரைஞ்சதான்னு எழுதுங்க. ரெண்டு முகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா வாசகர்களே கண்டுபிடிச்சிடுவாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், ஒரு டிஜிட்டல் ஓவியர்