கரடிப் படம் கிடைத்தது

சுவாமிமலை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தோஹா ஏர்போர்ட் கரடிச் சிலையோடு நீ நிற்கிற படத்தை அக்கா பெரிதாக்கிக் காட்டினாள். கழுத்தெலும்பு தெரிகிறது உனக்கு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அந்த மஞ்சள் கரடியைப் பார்த்துத் துணிப் பொம்மை என்றே நினைத்தேன். வெண்கலமாம்! 7 மீட்டர் உயரமாம். உர்ஸ் ஃபிஷர் என்கிற சுவிட்சர்லாந்துக்காரர் செய்தது, 2011-ல் நியூயார்க்கில் 68 லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்று அக்கா படித்துச் சொன்னாள். விலை கிடக்கட்டும். அந்தத் தையல் ஓரத்தையும் தொப்பை மடிப்பையும் கவனித்தாயா? உலோகத்தில் துணியின் தொய்வைக் கொண்டுவருவது லேசில்லை. வெண்கலத்தில் வார்க்குமுன் நடராஜரின் பறக்கிற இடைத்துணியை 40 வருஷமாக மெழுகில் இழுக்கிறவன் சொல்கிறேன். நம் சாமிகள் மாதிரி கெட்டியாக வார்த்திருக்க மாட்டார்கள், உள்ளே கூடாகத்தான் இருக்கும். தலைக்கு மேல் மேஜை விளக்கு எதற்கென்றுதான் விளங்கவில்லை.

மேலத்தெரு மாமா பையன் அந்த வழியாகத்தான் போய் வருகிறான். கரடி பாஸ்போர்ட் சோதனையெல்லாம் தாண்டி, டூட்டி ஃப்ரீ கடைகளுக்கு நடுவே இருக்கிறதாம். டிக்கெட் இல்லாமல் அங்கே போக முடியாதாமே? தீபாவளிக்கு லீவு இல்லை என்று சொன்னாய். சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. சம்பளம் ஒழுங்காக வருகிறதா? பணம் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதே.

நாலாவது படிக்கும்போது பட்டறையில் நீயும் ஒரு மெழுகுக் கரடி பிடித்தாய். ஒரு காது பெரிசு. சாமி செய்கிற மெழுகில் பொம்மையா என்று பிடுங்கிச் சட்டியில் போட்டு உருக்கினேன். நீ அழவில்லை. அதற்கப்புறம் மெழுகைத் தொடவும் இல்லை. பிள்ளைக்குத் தொழிலில் மனசு ஒட்டவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான். அது நன்றாக வந்திருந்தது, தம்பி. கால் நீட்டி உட்கார்ந்திருந்ததில் ஒரு கனம் இருந்தது. அப்போதே எனக்குத் தெரியும். அன்றைக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டவர் மேல் இருந்த கோபத்தை உன்மேல் காட்டினேன்.

சென்னையில் இறங்கினால் கும்பகோணத்துக்கு ராத்திரியிலும் வண்டி உண்டு. எந்நேரமானாலும் பட்டறைக் கதவைத் தட்டு. வீட்டுக் கதவைத் தட்டினால் அம்மா பதறிவிடுவாள். நான் இப்போது பட்டறையில்தான் படுக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா