சிகாகோ அலுவலகமும் உன் விண்ணப்பமும்

திருச்சி

அன்பு மகளுக்கு,

அமெரிக்காவின் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யில் சிறப்பு முகவர் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருப்பதாகவும், சிகாகோ வட்டார அலுவலகத்தில் சேர்ந்துவிட்டால் வீடுகூட மாற வேண்டியிருக்காது என்றும் எழுதியிருந்தாய். உன்னைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. வீடு மாற வேண்டாம் என்று நீ போட்டிருக்கும் கணக்கைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

விண்ணப்பத்தை முன்னெடுத்துச் செல்வதும், ஓட்டமும் தண்டாலும் அடங்கிய உடற்தகுதித் தேர்வை நடத்துவதும் நீ வசிக்கும் பகுதியின் வட்டார அலுவலகம் என்பதால், வேலையும் அங்கேயே கிடைக்கும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் முதல் பணியிடம் எது என்பது விர்ஜினியாவின் குவாண்டிகோவில் பயிற்சியில் இருக்கும்போதுதான் தெரியவரும். உன் விருப்பத்தைக் கேட்பார்கள். முடிவு செய்வது துறையின் தேவை. நாட்டின் எந்த மூலைக்கும் போகச் சம்மதம் என்று சொன்ன பிறகுதான் உள்ளேயே விடுவார்கள்.

எந்த மூலை என்பதையும் யோசித்துப் பார். சால்ட் லேக் சிட்டி வட்டாரத்தின் கீழ் யூட்டா மட்டுமல்லாமல் ஐடஹோவும் மோன்டானாவும் வருகின்றன. தலைமையிடத்தில் இருந்து வெகுதூரத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய முகவர்களைக் கொண்ட கிளை அலுவலகங்கள் அங்கே உண்டு. பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலங்களில் நடக்கும் கொலை போன்ற பெருங்குற்றங்களை விசாரிக்கும் பொறுப்பு, 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் கூட்டாட்சி அரசைச் சேர்ந்தது. ஆகவே தணிக்கைக் கணக்குகளில் ஊறிய நீ, அப்படி ஓர் ஊரில் பனிப்பொழிவின் நடுவே நூறு மைல் வண்டியோட்டிப் போய், மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் வாக்குமூலம் வாங்க வேண்டிவரலாம். அதற்கும் மனம் ஒப்புகிறதா என்று உன்னையே கேட்டுக்கொள். ஒப்பினால், அந்த வேலையை உன்னைவிடப் பொறுமையாகச் செய்யக்கூடியவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

கணக்கு வேலைதான் வேண்டும் என்றால் வேறு வழியும் இருக்கிறது. உன் சிகாகோவிலேயே 1931-இல் கொள்ளைக் கும்பல் தலைவன் அல் கபோனை வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கவைத்தவர்கள் எஃப்.பி.ஐ. ஆட்கள் அல்லர், வருவாய்த் துறையின் புலனாய்வாளர்கள். அந்தப் பிரிவு இன்றும் கணக்கியல் படித்தவர்களைத் தேடி எடுக்கிறது. அதையும் பார்த்துவிட்டு முடிவு செய். ஆனால் நாள் கடத்தாதே. 57 வயதில் கட்டாய ஓய்வு, அதற்குள் இருபது ஆண்டுப் பணி என்ற கணக்கில்தான் சேரும் வயதுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். உனக்கு 33 முடிந்துவிட்டது. 37 நிறைவதற்குள் பணியில் சேர வேண்டும் என்பதால், எஃப்.பி.ஐ.க்கு 36 நிறைவதற்குள் விண்ணப்பித்தாக வேண்டும்.

உன் அம்மாவுக்குத் துப்பாக்கிதான் கவலை. 1972-இல் பெண்களை மீண்டும் முகவர்களாகச் சேர்க்கத் தொடங்கியபோது முதலில் சேர்ந்த இருவரில் ஒருவர் முன்னாள் கன்னியாஸ்திரி என்று சொன்னேன், கொஞ்சம் சமாதானமானாள். சம்பளத்தோடு 25 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும் என்றதற்கு, எதற்காக அது என்று உடனே கேட்டாள். வாரம் சராசரியாக ஐம்பது மணி நேரம் உழைக்க வேண்டும், எந்நேரம் கூப்பிட்டாலும் போக வேண்டும் என்பதற்காக என்றதும் பழையபடி முகம் சுருங்கிவிட்டது.

இனி, பின்னணி விசாரணை. எஸ்.எஃப்.-86 என்ற அந்த நீண்ட படிவத்தில் வெளிநாட்டு உறவுகள், வெளிநாட்டுச் சொத்து, வெளிநாட்டுப் பயணம் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. நான் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த காலத்தில் இல்லினாய் மாநிலத்தின் அர்பானாவில் பிறந்ததால் நீ அமெரிக்கக் குடிமகள். நாங்கள் அந்தப் படிவத்தில் அயல்நாட்டவர்கள். இதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. வெளிநாட்டில் பெற்றோர் இருப்பதாலேயே ஒருவரை விலக்கிவிடுவதில்லை. மறைத்தது தெரியவந்தால் பொய் கண்டறியும் சோதனை வரைக்கும் வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதே. திருவெறும்பூரில் உன் பெயரில் பதிவு செய்த மனையை நீ மறந்தே போயிருப்பாய், அதுவும் அதில் வர வேண்டும். என்னோடு சேர்ந்து நீ வைத்திருக்கும் வங்கிக் கணக்கும் அப்படியே.

இன்னொன்று: விண்ணப்பித்திருப்பதை ஊரெல்லாம் சொல்ல வேண்டாம் என்பதே அவர்களின் அறிவுரை. அத்தைக்குக்கூட நாங்கள் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய தியாகம் என்பது உனக்குத் தெரியும்.

மனைப் பத்திரத்தின் நகல், நீ பிறந்தபோது நாம் குடியிருந்த முகவரி, எங்கள் இருவரின் கடவுச்சீட்டு விவரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்கி இந்த வாரம் அனுப்புகிறேன். கோலாலம்பூர்ச் சித்தப்பாவின் பிறந்த தேதி மட்டும் கைவசம் இல்லை. அவரிடம் எப்படிக் கேட்பது, என்ன காரணம் சொல்வது என்று நீயே எழுது.

அன்புடன்,
அப்பா