டாப் விதென்ஸ் போற பாதைக்கு ஆரம்பத்துலயே ஒரு போர்டு வைக்கக் கோரி மனு

அனுப்புநர்:
லீட்ஸ்ல குடியிருக்கிற ஒரு குடும்பம் (பேரும் விலாசமும் தனித்தாள்ல இருக்கு)

பெறுநர்:
நடைபாதைகளைக் கவனிச்சுக்கிற அதிகாரி அவர்கள்,
மாவட்ட கவுன்சில், மேற்கு யார்க்‌ஷயர்.

பொருள்: ஹாவர்த் ஊர்ல இருந்து டாப் விதென்ஸ் பண்ணைவீட்டுக்குப் போற நடைபாதை தொடங்குற எடத்துல தூரம், நேரம், வழியில என்ன இல்லைங்கிறது எல்லாம் எழுதின ஒரு போர்டு வைக்கச் சொல்லிக் கேக்குறது சம்பந்தமா.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதோட இங்கிலீஷ் காப்பி ஒண்ணும் இணைச்சிருக்கேன், ஆபீஸ் வேலைக்கு அது போதும். தமிழ்லயும் எழுதுறதுக்குக் காரணம் எங்கம்மா. மொதக் கையெழுத்து அவங்களுதுதான், ஆனா என்ன எழுதியிருக்குன்னு வரி வரியா படிச்சுப் பாக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டாங்க.

அம்மா விருதுநகர் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து எங்களப் பாக்க வந்திருக்காங்க. போன அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை, 'வுதரிங் ஹைட்ஸ்'ங்கிற இங்கிலீஷ் நாவல்ல வர்ற வீடுன்னு ஜனங்க சொல்ற டாப் விதென்ஸைப் பாக்க அவங்களையும் கூட்டிக்கிட்டு ஹாவர்த் போனோம். கல்லு பாவின அந்த மெயின் ஸ்ட்ரீட் ஏத்தத்துல மூச்சு வாங்கி ஏறி, மேல சர்ச் படிக்கட்டுப் பக்கத்துல இருக்கிற பிளாக் புல் பப்ல சாப்பிட உக்காந்தோம். பப்புன்னதும் அம்மா வாசல்லயே நின்னுட்டாங்க, அவங்களுக்கு அது சாராயக்கடை, பொம்பளைங்க உள்ள போற எடம் இல்ல. உள்ள ஒரு பாட்டி பேரனுக்கு சிப்ஸ் ஊட்டிக்கிட்டு இருந்தத கண்ணாடி வழியா காட்டின பிறகுதான் வந்தாங்க. அந்த ஊர்ல இருந்து நாவல் எழுதின பிரான்ட்டி அக்கா தங்கச்சிங்களோட கூடப் பொறந்த ஒரே பையன் பிரான்வெல், அவர் குடிச்சது இங்கதான்னு சொன்னேன், "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னாங்க.

அங்க இருந்து நடக்க ஆரம்பிச்சப்ப மணி ஒண்ணே முக்கால். இங்கதான் நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், இத கவுன்சில் மேல போடல, முழுக்க என் தப்பு. அன்னைக்குத்தான் குளிர்காலத்துக்காக இந்த நாட்டுல கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வச்ச நாள். நாலரை தாண்டினா பொழுது போயிடும்ங்கிறது எனக்கு மண்டையில ஏறல. அம்மா கால்ல செருப்பு, பையில ஒரே ஒரு தண்ணி பாட்டில், ரெண்டு ஆரஞ்சு.

சர்ச்சைத் தாண்டி, அந்த அக்கா தங்கச்சிங்க வாழ்ந்த வீட்டையும் தாண்டி (1928ல இருந்து அது மியூசியம்), பெனிஸ்டன் ஹில் பக்கமா மேட்டுக்குப் போயிட்டா அப்புறம் ரெண்டு பக்கமும் புதர்க்காடு, காத்து, ஆடு, அவ்வளவுதான். வழிகாட்டிக் கம்பத்துல இங்கிலீஷ் பக்கத்துல இன்னொரு எழுத்து இருந்தத அம்மாதான் மொதல்ல கவனிச்சாங்க. ஜப்பான்காரங்க அவ்வளவு பேரு அந்த நாவலுக்காகவே வர்றாங்க, அவங்களுக்காகப் போட்டதுன்னு சொன்னேன். "தமிழ்ல இல்லையா"ன்னு கேட்டாங்க. ஐயா, இந்த மனு அதுக்கு இல்ல, பயப்பட வேணாம்.

பாதி வழியில வர்ற பிரான்ட்டி அருவி வரைக்கும் பிரச்சினையே இல்ல. அருவின்னு பேரு, குற்றாலத்த பாத்தவங்ககிட்ட அத அருவின்னு சொன்னா சிரிப்பாங்க, ஆனா பக்கத்துல இருக்கிற கல்லுப்பாலம் ரொம்ப அழகு. 1989ல திடீர் வெள்ளத்துல அது அடிச்சுக்கிட்டுப் போயி மறு வருஷமே திருப்பிக் கட்டினாங்கன்னு சொன்னதும் அம்மாவுக்கு நம்ப முடியல, "இந்த வாய்க்காலா?"ன்னாங்க. பாலத்தைத் தாண்டினா செங்குத்தா ஒரு ஏத்தம். அங்க ஏறுறப்பதான் அவங்க செருப்பு வார் அந்துச்சு. ஒரு கால்ல என் ஷூ, இன்னொரு கால்ல கணவரோட சாக்ஸ் ரெண்டு ஜோடி, அப்படித்தான் மிச்ச தூரம் நடந்தாங்க, திரும்பிடலாம்னு நான் நாலு தடவ சொன்னேன், கேக்கல, "அந்த வீட்டப் பாத்துட்டுத்தான் திரும்புவேன், அங்க ஒரு டீ குடிச்சா சரியாயிடும்"னாங்க.

அங்க டீ இல்லைங்கிறது அவங்களுக்குத் தெரியாது. எனக்கும்தான். பேரு பெத்த எடம், ஒரு சின்னக் கடையாவது இருக்கும், டாய்லெட்டாவது இருக்கும்னு நெனச்சுட்டேன். போய்ச் சேந்தா கூரையே இல்லாத கல்லுச் சுவரு, ரெண்டு மரம், உள்ள மழைக்கு ஒதுங்கி நிக்கிற ஆடுங்க. சுவத்துல ஒரு கல்வெட்டு, பிரான்ட்டி சொசைட்டி 1964ல வச்சது. அந்த அக்கா தங்கச்சிங்கள்ல ஒருத்தரான எமிலி பிரான்ட்டி எழுதி 1847ல வெளிவந்த 'வுதரிங் ஹைட்ஸ்' நாவல்ல வர்ற வீடு இதுதான்னு ஜனங்க சொல்றாங்க, ஆனா இந்தக் கட்டடம் முழுசா இருந்தப்பகூட அந்த வீடு மாதிரி இல்ல, இந்த எடம் வேணா அவங்க மனசுல இருந்திருக்கலாம்னு அதுல சொல்லியிருக்கு. நெறைய பேரு கேட்டதால இத வச்சோம்னும் இருக்கு. நான் இத வாசிச்சு தமிழ்ல சொல்லி முடிச்சதும் அம்மா ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இத கெளம்புற எடத்துலயே சொல்லியிருக்கலாம்ல"ன்னாங்க.

ஐயா, என் கோரிக்கை மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

ஆனா அவங்க உடனே கெளம்பல. சுவத்துல கை வச்சு, கல்ல எப்படி அடுக்கியிருக்காங்கன்னு பாத்தாங்க. எங்க தாத்தா வீட்டு ஆட்டுத்தொழுவம் இடிஞ்சு கெடந்தப்ப இதே மாதிரிதான் இருந்துச்சாம், அங்கயும் மழைக்கு ஆடுங்கதான் ஒதுங்குமாம். ஆரஞ்சு ரெண்டையும் உரிச்சு சுளை சுளையா எல்லாருக்கும் குடுத்தாங்க, தோல மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க, குப்பைத்தொட்டி இல்லாத எடத்துல போடக்கூடாதுன்னு யாரும் சொல்லித் தரல அவங்களுக்கு. திரும்பி வர்றப்ப அருவிக்கு முன்னாடியே இருட்டிடுச்சு, போன் லைட்டுல கல்லு கல்லா பாத்து இறங்கினோம், யாருக்கும் அடி இல்ல, கடவுள் புண்ணியம்.

வீட்டுக்கு வந்து படிச்சுப் பாத்தேன். 1968ஆம் வருஷத்து கண்ட்ரிசைடு ஆக்ட், 27வது பிரிவு. பொது நடைபாதை தார் ரோட்டுல இருந்து பிரியுற எடத்துல கம்பம் நடணும், அந்தப் பாதை எங்க போவுது, எவ்வளவு தூரம்ங்கிறதையும் அதிகாரிக்கு சரின்னு பட்ட அளவுக்கு அதுல போடலாம்னு இருக்கு. சட்டம் உங்க இஷ்டத்துக்கு விட்டிருக்கிற அந்த எடத்துலதான் நாங்க கேக்குறோம். போக வர சுமார் 7 மைல்ங்கிறத எழுதுங்க, ஏன்னா போற தூரத்த மட்டும் பாத்துட்டு வர்ற தூரத்த மறந்துட்டுத்தான் என்னை மாதிரி ஆளுங்க கெளம்புறோம். மெதுவா நடக்குறவங்களுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும், குளிர்காலத்துல மத்தியானத்துக்கு மேல கெளம்பாதீங்கன்னு ஒரு வரி போடுங்க. ஊரைத் தாண்டினா கடை இல்ல, டாய்லெட் இல்ல, போற எடத்துல கூரையும் இல்ல, இது ரொம்ப முக்கியம். அந்த 1964 கல்வெட்டுல இருக்கிறத அப்படியே கீழயும் ஒரு தடவ போட்டுடுங்க. அதப் படிச்சுட்டும் போறவங்க போவாங்க, எங்கம்மாவே போவாங்க. ஆனா ஷூ போட்டுக்கிட்டுப் போவாங்க.

எழுத்துகூட அதிகம் வேணாம், செருப்புக்கு மேல ஒரு குறுக்குக்கோடு, டீ கப்புக்கு மேல ஒரு குறுக்குக்கோடு போட்டா ஜப்பான்காரங்களுக்கும் புரியும், விருதுநகர்காரங்களுக்கும் புரியும். பாதையில படிக்கட்டு வேணும், கைப்பிடி வேணும், சிமெண்ட் போடணும்னு எல்லாம் நாங்க கேக்கல, தயவுசெஞ்சு அப்படி எதுவும் செஞ்சுடாதீங்க, அந்த மேட்டுக்காடு அப்படி இருக்கிறதுதான் அழகு.

அம்மா பிப்ரவரி ரெண்டாவது வாரம் ஊருக்குத் திரும்புறாங்க. அதுக்குள்ள போர்டு வந்துட்டா இன்னொரு தடவ கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். ஷூ வாங்கியாச்சு, பிளாஸ்க்கும் எடுத்து வச்சாச்சு.

இப்படிக்கு,
அம்மா (கையெழுத்து தமிழ்ல), மகள், மருமகன்