ஐம்பது டேப்கள் வேண்டாம், மகளே

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல், அப்பாவின் முட்டிவலியைப் பற்றிப் பேசிச் சமாளித்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். சென்னையை ஒட்டிய பெரும்பாக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐம்பது டேப், அதாவது கைக்கணினி, வாங்கித் தருவதாகவும், நீ கொடுக்கும் தொகைக்கு ஈடாக உன் அலுவலகமும் ஒரு தொகை சேர்க்கும் என்றும், அதற்கு எங்கள் குழுவின் வங்கிக் கணக்கு எண்ணும் பிள்ளைகளின் புகைப்படங்கள் சிலவும் போதும் என்றும் சொன்னாய். சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பிள்ளைகளை நீ நினைத்துக்கொண்டதில் எனக்கு நிறைவுதான். ஆனாலும் டேப் வேண்டாம். காரணத்தை வாயால் சொன்னால் பாதியில் நமக்குள் வாக்குவாதம் வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பேசு.

முதலில் பணத்தின் சட்டப் பக்கத்தை முடித்துவிடுகிறேன். நாங்கள் ஓய்வுபெற்ற ஐந்து பேர். எங்களுக்குப் பதிவும் இல்லை, அறக்கட்டளையும் இல்லை. வெளிநாட்டு நிறுவனத்தின் பணத்தை வாங்க வேண்டுமானால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில் தொடங்கிய கணக்குக்குத்தான் முதலில் வந்து சேர முடியும். நீ இன்னும் இந்தியக் குடியுரிமையை விடாததால் உன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. ஆகவே உன் அலுவலகத்தின் பங்கை மறந்துவிடு. உன் பங்கை என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டேப் விஷயத்தில் எங்களுக்கு ஏற்கெனவே பட்ட அனுபவம் உண்டு. 2020 ஜனவரியில் நான் தொலைபேசி இலாகாவிலிருந்து விருப்ப ஓய்வில் வந்த இரண்டே மாதத்தில் பள்ளிகளை மூடினார்கள் அல்லவா, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அவை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். அந்த இடைவெளியில் யாரோ மனமிரங்கிப் பழைய டேப் எட்டுக் கொடுத்தார்கள். மூன்றின் திரை உடைந்தது, இரண்டு அடகுக்குப் போயின, இரண்டில் அண்ணன்மார்கள் விளையாடினார்கள், ஒன்றில் மட்டும் ஒரு பெண் பாடம் பார்த்தாள். அடகு வைத்த குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுவேலை செய்யும் பெண்களை ஊரடங்கில் எந்த வீட்டிலும் உள்ளே விடவில்லை, வீட்டில் விலைபோகக்கூடிய பொருள் அது ஒன்றாகத்தான் இருந்தது.

அடுத்தது புகைப்படம். இதில் தவறு செய்தது நான்தான். வகுப்பு தொடங்கிய முதல் ஆண்டு ஜூன் மாதம் நண்பர் ஒருவர் நாற்பது புத்தகப்பைகளை வாங்கிவந்தார். பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்தி, பையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல்லி நானே படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண், கணக்கில் கெட்டிக்காரி, மறுநாளிலிருந்து வரவில்லை. பத்து நாள் கழித்து ஏழாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறிப்போய்க் கேட்டபோது அவள் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னீங்களாமே டீச்சரம்மா, அந்தப் படத்தை அவ கூடப் படிக்கிற பொண்ணு போன்ல பாத்துட்டா. அது அவளுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு." நீ எட்டாம் வகுப்பில் கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் போனாய், வாசலில் நிற்கவைத்து உன்னை யாரும் படம் எடுக்கவில்லை, அதற்கு உதவி என்றுகூட யாரும் பெயர் வைக்கவில்லை. அந்தப் பெண் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். பையை மட்டும் அதற்குப் பிறகு நான் அவள் தோளில் பார்க்கவே இல்லை.

இந்தக் குடும்பங்கள் எப்படி இங்கே வந்தன என்பது உனக்கு ஓரளவு தெரியும். கூவம், அடையாற்றுக் கரைகளில் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்தவர்களை, குறிப்பாக 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத் தெற்கே இந்த அடுக்குமாடிகளில் குடியமர்த்தினார்கள். வீடு கிடைத்தது, வேலை நகரத்திலேயே நின்றுவிட்டது. அம்மாக்கள் விடிவதற்குள் பேருந்து ஏறிப் பழைய வட்டாரத்துக்கே வேலைக்குப் போகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது இவர்கள் வரவுசெலவில் எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நான் இங்கே வந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். ஆனால் மாலை நாலு மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை இரவு எட்டு மணி வரை தனியாக இருக்கிறது. எங்கள் வகுப்பு அந்த நான்கு மணி நேரத்தில் இரண்டை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வகுப்பு என்றால் கரும்பலகையும் மேசையும் நினைத்துக்கொள்ளாதே. தரைத்தள நடைபாதையில் நான்கு பாய், ஒரு வெள்ளைப்பலகை. வயதைப் பார்க்காமல், யாருக்கு எவ்வளவு வாசிக்க வருகிறது என்பதைப் பார்த்துத்தான் உட்காரவைக்கிறோம். அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்களே, ஏறக்குறைய அதே முறை. இது எங்களுக்குத் தானாகத் தெரிந்துவிடவில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழ்ப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிப்பான். ஒரு மாதம் அவனை மெச்சிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தற்செயலாக என் கை பக்கத்திலிருந்த படத்தை மறைத்தது, அவன் நின்றுவிட்டான். படத்தைப் பார்த்துப் பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிவந்திருக்கிறான். தனியாக 'கொடி' என்று எழுதிக் காட்டினால் 'கெரடி' என்றான். அவன் மேல் தப்பில்லை. கொம்பு முன்னால் நிற்கிறது, பின்னால் நிற்கும் காலைப் பார்த்தால் ரகரம் போலவே இருக்கிறது, இரண்டும் சேர்ந்து ஒரே ஓசை என்று அவனுக்கு ஒன்றாம் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லாமல் போயிருக்கிறது. அந்த வயதில் அவன் குடும்பம் வீடு மாறிக்கொண்டிருந்தது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் என்று அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு அவனோடு ஐந்து மாதம் உட்கார்ந்தேன். ஒரு நாள் பேருந்தின் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு ஓடிவந்து சொன்னான். டேப்பில் இதற்கு நல்ல செயலிகள் உண்டு என்பாய். இருக்கலாம், ஆனால் அவன் படத்தை வைத்து ஏமாற்றுகிறான் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு மாதம் ஆயிற்று.

சொல்லிக்கொடுப்பதைவிட அதிக நேரம் காகித வேலைக்குப் போகிறது. நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது இது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வைத் தெரியுமா? தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். எங்கள் பையன் ஒருவன் 2023இல் தேர்வானான். பாயைச் சுற்றி எல்லோருக்கும் கேசரி கொடுத்தோம். பணம் மட்டும் வரவில்லை. பள்ளிப் பதிவேட்டில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே கிடையாது. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான் கட்டணம், ஆனால் குடும்ப அட்டை இன்னும் பழைய முகவரியிலேயே இருந்தது, அவன் அம்மா ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. நான் வங்கிக்கு நான்கு முறை போனேன். முப்பது ஆண்டு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எனக்கே விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பவேண்டும் என்பதில் குழப்பம் வந்தது என்றால், கைநாட்டு வைக்கும் ஒரு தாய் என்ன செய்வார்? ஒரு வருடம் தாமதமாகப் பணம் வந்தது. அதற்குள் அவனை ஒரு மெக்கானிக் கடையில் சேர்த்துவிட இரண்டு முறை பேச்சு நடந்தது.

எங்களைவிட நன்றாகப் பாடம் நடத்துபவள் எதிர்த் தொகுதியில் குடியிருக்கும் ஒரு பெண். அரசுக் கல்லூரியில் பி.காம் இரண்டாம் ஆண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பள்ளியில் படிக்கும்போதே, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி வகுப்பில் தன்னார்வலராக இருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு உதவிசெய்து பழகியவள். என்னைப் பிள்ளைகள் டீச்சர் என்கிறார்கள், அவளை அக்கா என்கிறார்கள். எந்த வீட்டில் நேற்றிரவு சண்டை, எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது, ஆடி மாதம் கூழ் ஊற்றும் வாரத்தில் யார் யார் வரமாட்டார்கள், எந்தப் பெண் தம்பியைத் தூக்கிக்கொண்டு வர அனுமதித்தால்தான் வருவாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நாங்கள் ஐவரும் கைப்பணம் போட்டு அவளுக்கு மாதம் 3,000 ரூபாய் கொடுக்கிறோம். சம்பளம் என்றுதான் சொல்கிறோம், ஊக்கத்தொகை என்று சொல்வதில்லை. ஒரு துணிக்கடையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று அவள் வீட்டில் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆகவே நீ செய்யக்கூடியது இது. பன்னிரண்டாயிரம் வீதம் ஐம்பது டேப் என்றால் ஆறு லட்சம். அந்தப் பெண்ணுக்கும் அவளைப்போல் இன்னொருத்திக்கும் மாதம் 3,000 வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு 1,44,000தான் ஆகும். இரண்டு ஆண்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆறு மாதம் கொடுத்து நிறுத்துவதானால் தொடங்கவே வேண்டாம். மீதிப் பணத்தை நீயே வைத்துக்கொள், வீட்டுக்கடனைக் கட்டு.

இன்னொன்று பணம் சம்பந்தப்பட்டதல்ல. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2021இல் வந்தது, கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. ஆனால் எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் விருப்பப் பட்டியலில் போடுவது, கணினி அறிவியல் என்றால் உண்மையில் என்ன படிக்கவேண்டும் என்று சொல்ல இந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. நீ அந்தக் கலந்தாய்வைக் கடந்து வந்தவள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் காணொளியில் பேசினால் போதும்.

அதற்கும் முன்னால் ஒன்று சொல்லவேண்டும். பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து ஆறு இளைஞர்கள் ஒரே நிறச் சட்டையில் நான்கு சனிக்கிழமை வந்தார்கள். பிள்ளைகள் அவர்களை உயிராய்ப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்தாவது சனிக்கிழமை தலைவாரிப் பூவைத்துக்கொண்டு ஏழரை மணி வரை பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நான் பதில் சொல்ல நேர்ந்தது. நம் ஆறு மணி உனக்கு இப்போது காலை ஏழரை, குளிர்காலத்தில் ஆறரையாகிவிடும். ஜனவரி மாதத்துச் சிகாகோவில் சனிக்கிழமை ஆறரை மணிக்கு எழுந்து உட்கார உன்னால் முடியுமா என்பதை மட்டும் யோசித்துச் சொல். முடியாதென்றால் தயங்காமல் சொல்லிவிடு. அந்தப் பெண்களிடம் உன்னைப் பற்றி நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா