பால்வெட்டு முடிந்து வரட்டுமா? மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் திற்பரப்புப் பக்கம். பி.காம். படித்தேன், வெளியூரில் பார்த்த வேலை போனது, ஊருக்கு வந்துவிட்டேன். என்னைப் போல இங்கே பலர் உண்டு. சும்மா இருக்கிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் பால்வெட்ட, அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்க, இறங்கிவிடுகிறோம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அதனால் இந்தச் சோலியை மத்தியானத்துக்குத் தள்ள முடியாது. வெட்டி, சிரட்டையில் நிறைந்த பாலை எடுத்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடித்துக் கை கழுவும்போது மதியம் நெருங்கிவிடும்.

ஏ.சி. மெக்கானிக், வயரிங் என்று நான் விசாரித்த இலவசப் பயிற்சிகள் எல்லாம் காலை வகுப்புகள். இலவசம்தான், ஆனால் போனால் அன்றைய கூலி போச்சு. நாகர்கோவிலுக்குப் போய்வர பஸ் காசும் கையிலிருந்துதான். (தங்கைக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. எனக்கு உண்டு. அவள் படிக்கட்டும், சந்தோஷம்தான்.) அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், அதுவும் பதிந்து 5 ஆண்டு காத்திருந்த பிறகு. கணக்குப் பார்த்தால் நாளுக்கு 20 ரூபாய்.

சிக்கனத்தை எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். சாளை (மத்தி மீன்) மலிந்த நாளில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும், மலியாத நாளில் அதே மரச்சீனிக்குக் காந்தாரி மிளகு என்கிற குட்டி மிளகாய் அரைத்த சம்மந்தி (துவையல்). சக்கை (பலா) காலம் வந்தால் காய்கறிக் கடைப் பக்கமே போவதில்லை, கொட்டைகூடத் துவரன் (பொரியல்) ஆகிவிடும். வீட்டுக்கு ஒரு போனுக்குத்தான் ரீசார்ஜ், மற்றவர்களுக்கு ஹாட்ஸ்பாட். எல்லாவற்றையும் வெட்டியாயிற்று. வெட்ட முடியாமல் நிற்பது பஸ் காசும் விட்டுப்போகும் கூலியும்தான்.

போனில் வீடியோ பார்த்துப் படிக்கலாமே என்பார்கள். பார்க்கிறோம். ஃபிரிட்ஜ் எப்படிக் குளிர்கிறது என்று நானே படம் போட்டு விளக்குவேன். ஆனால் செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது எந்தச் சூட்டில் கம்பி உருகி இணைப்புக்குள் ஓடும் என்பது கையில் பிடித்தால்தான் தெரியும். பால்வெட்டும் அப்படித்தான் வந்தது. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே வெட்டவே முடியாது. பக்கத்து வீட்டு மாமா என் மணிக்கட்டைப் பிடித்து நிற்காமல் இருந்திருந்தால் எனக்கு இது வந்திருக்காது.

ஆகவே கேட்பது இதுதான். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் வகுப்பு ஒன்றாவது வேண்டும். அதை நாகர்கோவிலில் மட்டும் வைக்காமல் எங்கள் பக்கத்துக் குலசேகரத்திலும் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். நாள் முழுக்க நடத்த வேண்டிய பயிற்சிகளை இலை உதிர்ந்து துளிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் வையுங்கள். பல தோட்டங்களில் அப்போது வெட்டு இருக்காது, நாங்கள் உண்மையிலேயே சும்மாதான் இருப்போம். அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்குத் தரும் இலவசப் பஸ் பாஸைக் குறுகியகாலப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் கொடுங்கள். அப்புறம், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இத்தனை காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றைப் பராமரிக்கும் வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் வகுப்பையும் சேர்த்தால் நல்லது.

ஆள் வருமா என்று அதிகாரிகள் தயங்கலாம். திற்பரப்பு, குலசேகரம், அருமனைப் பக்கம் வெட்டுக்குப் போகும் படித்த பிள்ளைகளின் பட்டியலை, யாருக்கு எந்தப் பயிற்சி வேண்டும் என்பதோடு, நானே எழுதித் தருகிறேன். அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்துக்குக் கொண்டுவருவேன். வெட்டு முடிந்துதான் கிளம்ப முடியும், கொஞ்சம் பிந்தினாலும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திற்பரப்பிலிருந்து ஒரு பால்வெட்டுக்காரன்