எதிர்ச்சொல் பாடம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப் பள்ளிக்குத் தமிழ்ப் பாடநூலும் பயிற்சித்தாளும் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

எதிர்ச்சொல் பாடம் என்றாலே பெரும்பாலும் ஒரே அட்டவணைதான். இடப்பக்கம் பெரிய, சூடு, உயிருள்ள, ஒற்றை. வலப்பக்கம் சிறிய, குளிர்ச்சி, உயிரற்ற, இரட்டை. பிள்ளைகளும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இந்த ஜோடிகள் எல்லாம் ஒரே வகை இல்லை. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் நடுவே வெதுவெதுப்பு இருக்கிறது. ஒற்றைக்கும் இரட்டைக்கும் நடுவே என்ன இருக்கிறது? எந்த முழு எண்ணை எடுத்தாலும் இரண்டில் ஒன்றில் விழுந்தே தீரும். 0 கூட இரட்டைதான். '7 இரட்டை இல்லை' என்றால் அது ஒற்றை, அவ்வளவுதான். 'பை பெரியது இல்லை' என்றால் அது சிறியது என்று ஆகிவிடாது.

அரிஸ்டாட்டில் இந்த வேறுபாட்டை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துக் காட்டியிருக்கிறார். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே சாம்பல் உண்டு, ஒற்றைக்கும் இரட்டைக்கும் இடையே ஒன்றும் இல்லை என்றார். உடல்நலத்தையும் நோயையும்கூட இடைநிலை இல்லாத ஜோடியாகவே வைத்தார். அதை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 'லேசா மூக்கு ஒழுகினா?' என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்விதான் பாடம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், நம் இலக்கணத்திலேயே இரண்டு வகையும் இருக்கின்றன. உயிரெழுத்து 12இல் குறில் 5, நெடில் 7. எதிலும் சேராமல் நிற்கும் எழுத்து ஒன்றும் இல்லை. மெய்யெழுத்து 18இல் வல்லினம் 6, மெல்லினம் 6, அப்புறம் இடையினம் 6. நடுவில் இருப்பதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்! உயர்திணை, அஃறிணையில் அந்த இடம் கிடையாது. உயர்திணை அல்லாதது எல்லாம் அஃறிணை.

சோதித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியம் போதும்: 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை.' இந்த அறை பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை: சரியாக இருக்கிறது. இந்தப் பூனைக்கு உயிர் இருக்கவும் இல்லை, போகவும் இல்லை: யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 'ரொம்ப' சேர்த்தும் பார்க்கலாம். ரொம்பப் பெரிய எண் உண்டு, ரொம்ப ஒற்றையான எண் கிடையாது.

இரண்டு சோதனைகளும் ஒரே விடை தராத இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பறைக் கதவை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து வைத்து, 'திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?' என்று கேளுங்கள். 'பாதி' என்பார்கள். பாதி திறந்தாலும் திறந்ததுதானே? அப்படியென்றால் நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் 'ரொம்பத் திறந்திருக்கிறது' என்று சொல்லலாம்: திறப்பில் கொஞ்சம், நிறைய உண்டு. முழுக்க மூடிய கதவுக்கு அந்த அளவு இல்லை. வெற்றி, தோல்வியும் விளையாட்டைப் பொறுத்தது. சதுரங்கத்தில் சமன் உண்டு, டென்னிஸில் கிடையாது.

இதை இலக்கண நுணுக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே அட்டவணையில்தான் நல்லவன் - கெட்டவன், அறிவாளி - முட்டாள், அழகு - அசிங்கம் எல்லாம் வருகின்றன. ஒற்றை - இரட்டை போலவே இவற்றையும் படிக்கும் பிள்ளை, கணக்கில் ஒரு நாள் தடுமாறியதும் 'நான் அறிவாளி இல்லை, அப்படியென்றால் முட்டாள்' என்று தனக்குத் தானே முடிவுகட்டிவிடும். அது தவறான கணக்கு என்று காட்டும் கருவி அதன் கையில் இருக்க வேண்டாமா?

அடுத்த முறை பயிற்சித்தாள் அச்சிடும்போது இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு கட்டம் விடுங்கள். 'இடையில் ஏதாவது உண்டா?' என்று மேலே எழுதுங்கள். சில ஜோடிகளுக்கு அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்க வேண்டும். யோசித்துக் காலியாக விட்ட பிள்ளைக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.

அன்புடன்,
பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் ஒருவர்