கண்மாய்ப் புத்தகம் மறுபடி வந்தது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலம் தள்ளாமல் ஒரு டாக்டரிடம் காட்டு. மகள் வேலையில் சேர்ந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே நான் நலம். கண்ணாடி பவர்தான் ஏறிக்கொண்டே போகிறது. அதற்குக் காரணம் நீயும் நானும் 2001ல் செய்த ஒரு புத்தகம்.

திருவல்லிக்கேணி மாடியறையில் ஃபேன் ஓடாத அந்தக் கோடை ஞாபகம் இருக்கிறதா? ரிடையரான வாத்தியார் ஒருவர் தன் ஊர்ப்பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாரே. டெமி சைஸ், 184 பக்கம். முதல் பாதியை நானும் மீதியை நீயும் அடித்தோம். அவருடைய பேரன் போன மாதம் ஒரு சிடியோடு வந்து நின்றான். மறுபதிப்புப் போட வேண்டுமாம், மின்னூலும் வேண்டுமாம். “ஃபைல்தான் இருக்கே அண்ணே, ரெண்டு நாள் வேலைதானே?” என்றான். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

சிடி படித்ததே அதிசயம். உள்ளே நாம் அன்று பக்கம் அமைத்த பேஜ்மேக்கர் 6.5 மென்பொருளின் கோப்பு. இப்போது பக்கம் அமைக்க நான் வைத்திருக்கும் புது இன்டிசைன் அதைத் தொடவே மறுத்தது. விசாரித்தேன். சிஎஸ்6 என்ற பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் 6லிருந்து வந்த கோப்புகளை இன்டிசைன் திறக்கும், 2013ல் வந்த சிசி பதிப்பு முதல் அந்த வழி கிடையாது. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7 வந்தது நாம் இந்தப் புத்தகத்தை அடித்துக்கொண்டிருந்த அதே 2001ல். நமக்கு அது தெரியுமா என்ன!

தெரிந்த அச்சகம் ஒன்றில், பில் போட மட்டும் வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டரில் இன்டிசைன் சிஎஸ்3 இருந்தது. அதில் திறந்து, இன்டிசைன் கோப்பாகச் சேமித்து எடுத்து வந்தேன். திறந்தால் பக்கம் பூராவும் ஆங்கிலக் குப்பை. அம்மா என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்தக் காலத்து எழுத்துரு எல்லாம் ஆங்கில எழுத்தின் நாற்காலியில் தமிழ் உருவத்தை உட்கார வைத்ததுதானே. எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. நல்லவேளை, அது ட்ரூடைப் வகை எழுத்துரு. டைப் 1 என்ற பழைய வகையாக இருந்திருந்தால் தொலைந்தோம், 2023 ஜனவரிக்குப் பிறகு இன்டிசைன் செய்யும் அடோபியின் மென்பொருள்கள் அதை ஏற்பதில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் பேரலல் போர்ட்டில் டாங்கிள் என்ற சாவி மாதிரிக் கட்டையைச் செருகினால்தான் வேலை செய்யும் எழுத்துருக்கள் சில நம்மிடம் இருந்தனவே, ராத்திரி முதலாளி அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவாரே, அதில் அடித்திருந்தாலும் இதே கதிதான். இன்றைய லேப்டாப்பில் அதைச் செருக இடம் எங்கே இருக்கிறது?

அச்சுக்கு இது போதும். மின்னூலுக்கு, எந்தக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே படிக்கும் யூனிகோட் வேண்டுமே. மாற்றித் தரும் மென்பொருளில் போட்டு எடுத்து, பேரனிடம் காட்டினேன். அவன் சும்மா இருக்காமல் ‘ஊர்’ என்று தேடினான். 92ஆம் பக்கம் வரைக்கும் ஊரே இல்லை! கண்ணுக்கு முன்னால் வரிக்கு வரி ஊர் இருக்கிறது, கம்ப்யூட்டர் இல்லை என்கிறது.

யோசித்துப் பார்த்ததில் வெட்கமாகிவிட்டது. ‘ர’ மேல் வரிசையில் ‘யு’ கட்டையில். துணைக்கால் நடு வரிசையில் ‘எச்’ கட்டையில். விரலை மேலே தூக்கச் சோம்பல்பட்டு, நான் துணைக்காலை அடித்து அதன் தலையில் புள்ளி வைத்திருக்கிறேன். தாளில் பார்த்தால் ரெண்டும் ஒன்றுதான், புரூஃப் பார்த்தவருக்கும் தெரியவில்லை. நீ ஒழுங்காக ‘ர்’ அடித்திருக்கிறாய். எந்தப் பக்கம் யார் அடித்தது என்று இத்தனை வருடம் கழித்துச் சாட்சி சொல்கிறது பார். சரி, துணைக்கால் மேல் புள்ளி வருவதற்குத் தமிழில் வேலையே இல்லை, அதனால் அதை மொத்தமாக மாற்றிவிட்டேன். ஒரு நிமிஷ வேலை.

அந்தத் தைரியத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். கௌரவம், கௌதாரி எல்லாம் ஒற்றைக்கொம்பு, க, ள என்று தனித்தனியாகக் கிடந்தன. கொம்புக்குப் பின்னால் ‘ள’ வந்தால் ஔகாரக் குறியாக்கு என்று மொத்தமாகத் தட்டினேன். கௌரவம் சரியானது. ஆனால் கண்மாய்ப் புத்தகத்தில் ‘வெள்ளம்’ எத்தனை இடத்தில் வரும், யோசி. அத்தனையும் உடைந்துபோனது. கெளுத்தி மீனும் தப்பவில்லை. பழைய நகலை எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற மூன்று நாள் ஆனது. அப்புறம் புது இன்டிசைனில் ஊற்றினால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்ததும் முன்னால் வந்தது. உனக்கும் எப்போதாவது தேவைப்படும், குறித்துக்கொள்.

இதையெல்லாம் விட என்னை உட்கார வைத்தது வேறு. வாத்தியார் கடைசி நாள் வந்து, “மடை வேற, கலுங்கு வேற, தம்பி. மடை வயலுக்குத் தண்ணி விடுறது, கலுங்கு மிஞ்சுன தண்ணி போறது” என்று சத்தம் போட்டாரே. நீ பிளேடால் நறுக்கி, பக்கங்களைப் பிரிண்ட் எடுத்த ட்ரேசிங் தாளில் சின்னச் சின்னத் துண்டாக ஒட்டினாய். அச்சுத் தகடு போட நேரமாகிவிட்டது என்று கோப்பில் யாரும் திருத்தவே இல்லை. அச்சான புத்தகத்தில் கலுங்கு, கோப்பில் இன்னும் மடை. பேரன் கொண்டுவந்த சிடியில் இருப்பது அவர் திட்டிய பிரதிதான். இப்போது அச்சுப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடுகிறேன். 120 பக்கம் தாண்டியாயிற்று, 41 இடம் கிடைத்திருக்கிறது.

ஒரு உதவி வேண்டும். நாம் வைத்த 14 படங்களில் ஒன்றுகூடக் கோப்புக்குள் இல்லை, இருந்த இடத்தின் முகவரி மட்டும்தான். எல்லா முகவரியும் டி டிரைவில் உன் பெயர் போட்ட ஃபோல்டரைக் காட்டுகின்றன. திரையில் தெரிவது மங்கலான மாதிரிப் படம், அது அச்சுக்கு ஆகாது. ஊருக்குப் போகும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சிடி கட்டிக்கொண்டு போனாயே, அது பரணில் இருக்கிறதா பார். முட்டிவலியோடு நீ ஏறாதே, மருமகனை ஏறச் சொல். பச்சை மார்க்கரில் ‘கண்மாய்’ என்று நான் எழுதின உறை.

உன்,
பழைய பக்கத்து நாற்காலி